எடை மாறாத இரண்டு நாள்

(ஏற்காட்டில், காபி பறிப்பு நடக்கும் டிசம்பர் மாதத்தில், மென்பொருள் துறை இளைஞர்களும் எஸ்டேட்காரர்களும் கலந்து உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளில் எண் போட்ட பலகை நிற்கிறது. மொத்தம் 20 வளைவு. எனக்கு முன் சீட்டில் ஒரு சிறுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தனைப்பா?" என்று கேட்டபடியே வந்தாள். தகப்பனார் பலகையைப் பார்த்து, "பன்னெண்டு", "பதினொண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த மனிதர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. முப்பது வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்ட யாருக்கும் நான் அவ்வளவு நேர்மையான பதில் சொன்னதில்லை.

நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிடுச்சு". மூன்று மாதம் கழித்துக் கேட்டாலும் அதே தொண்ணூறுதான். பெல் ஆய்வகத்தில் இருந்த டாம் கார்கில் பெயரில் ஒரு நக்கல் கணக்கு எங்கள் தொழிலில் உலவுகிறது. முதல் தொண்ணூறு சதவீத வேலைக்கு, ஒதுக்கிய நேரத்தில் தொண்ணூறு சதவீதம் போய்விடுமாம். மிச்சமிருக்கிற பத்துக்கு இன்னொரு தொண்ணூறு வேண்டுமாம். சிரிக்கிறீர்கள். இந்தக் கணக்குப்படி சம்பளம் போட்ட முதலாளிகள் சிரிப்பதில்லை.

வீடு கட்டினால் கிரகப்பிரவேசம் வருகிறது. தேர் நிலைக்கு வந்துவிட்டால் திருவிழா முடிந்தது. அறுப்பு முடிந்தால் வயல் காலியாகக் கிடக்கிறது, பார்த்தாலே தெரியும். மென்பொருளுக்கு அப்படி ஒரு நிலை இல்லை. நேற்று எழுதியதை இன்று இடித்துக் கட்டலாம். செங்கல் செலவு கிடையாது, இடித்த தூசியும் பறக்காது. மாற்றுவது அவ்வளவு சுலபமாக இருப்பதனாலேயே முடிப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. ஒரு மென்பொருள் முடிந்துவிட்டது என்று யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

இதை ஏற்காட்டில் வைத்துப் பேச எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் எழுதிய முதல் உருப்படியான புரோகிராம் ஓடியது இந்த மலையில்தான். 1994. ஒரு காபி எஸ்டேட், பெயர் வேண்டாம். படித்து முடித்துச் சேலத்தில் சும்மா இருந்த என்னைத் தெரிந்தவர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். சேர்வராயன் மலையில் காபி நட்டது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் என்று சொல்வார்கள். அன்றிலிருந்து அந்தத் தேதி வரை எஸ்டேட் கணக்கு முழுவதும் நீளமான நோட்டில் கையால் எழுதியதுதான். அதிலே முக்கியமானது செக்ரோல். வேலைக்கு வந்த ஆள் யார், எத்தனை நாள் பேர் விழுந்தது, பறிப்புக் காலமென்றால் எத்தனை கிலோ பழம், முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, கையில் எவ்வளவு. இதை ஃபாக்ஸ்ப்ரோ என்ற மென்பொருளில் எழுதித் தரவேண்டும். நாலு மாதம் என்று பேச்சு.

ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் இருந்தார். என் அப்பா வயது. நான் எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார். சொல்லி முடித்து நான் எழுந்திருக்கும்போது, "தம்பி, ஒண்ணே ஒண்ணுங்க" என்பார். முதல் சனிக்கிழமை, அரை நாள் பேர் போடுவதற்கு வழி வேண்டும் என்றார். நியாயம். அடுத்த சனிக்கிழமை, ஆளுக்குக் கொடுத்த கம்பளிக் கணக்கும் இதிலேயே வந்துவிட்டால் நல்லது என்றார். அதற்கடுத்து போனஸ். பிறகு பட்டியலில் பெயர் தமிழில் வரவேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த ஆட்கள் தங்கள் பெயரைத் தாங்களே பார்த்துக் கையெழுத்துப் போடட்டும் என்றார். அந்தக் காலத்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தமிழ் எழுத்தை வரவழைக்க மட்டும் எனக்கு ஆறு வாரம் ஆனது. ஒவ்வொன்றும் நியாயமான ஆசைதான், தள்ளிவிட முடியாது. நாலு மாத வேலை பதினாலு மாதம் ஆனது.

கடைசியாக முதலாளியின் மகன் வந்தார். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோமே, மிளகுக் கணக்கையும் சேர்த்துவிடலாமே என்றார். சேர்க்க ஆரம்பித்தேன். மெனுவில் 7ஆம் எண்ணாக மிளகு என்று போட்டாகிவிட்டது. உள்ளே பாதி எழுதியிருந்தபோது பெங்களூரில் வேலை கிடைத்தது, போய்விட்டேன். அந்தப் புரோகிராம் அன்று முடிந்தது. முடிந்தது என்றா சொல்வது? எழுதியவன் ஓடிப்போனதால் நின்றது. எங்கள் தொழிலில் பெரும்பாலான மென்பொருள் முடிகிற முறை இதுதான். பணம் தீர்ந்து நிற்கும், ஆள் போய் நிற்கும், கேட்டவருக்கே சலித்துப்போய் நிற்கும்.

ஆனால் அதே எஸ்டேட்டில், ஆபீஸிலிருந்து இருநூறு அடி தள்ளி, முடிவு பார்ப்பது எப்படி என்று தெரிந்த ஒரு அம்மா இருந்தார். காபி களத்தைப் பார்த்துக்கொண்டவர். மென்பொருள்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், எஸ்டேட்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும். பழத்தைப் பல்பரில் போட்டுத் தோலை உரித்து, கொழகொழப்புப் போகும்வரை ஊறவைத்துக் கழுவினால் மேலே ஒரு காகிதச் சட்டையோடு கொட்டை கிடைக்கும். அதுதான் பார்ச்மென்ட். அதைக் களத்தில் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறிவிட்டு, இரவில் பனி இறங்காமல் மூடிவைத்து, காலையில் மறுபடி பரப்பி, ஒரு வாரம் பத்து நாள் காயவைக்க வேண்டும். ஈரம் பத்து சதவீதத்துக்கு வரவேண்டும். முன்னால் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். அதிகம் காய்ந்தால் எடை போய்விடும், உடைக்கும்போது பருப்பு நொறுங்கும். முன்னாலும் நஷ்டம், பின்னாலும் நஷ்டம்.

அந்த அம்மாவிடம் ஈரமானி கிடையாது. ஒரு தகர அளவை வைத்திருந்தார். சாயங்காலம் அதில் தலைதட்டிப் பார்ச்மென்ட் அளந்து தராசில் வைப்பார். எடையைச் சுவரில் கரித்துண்டால் எழுதுவார். அளவு ஒன்றுதான், ஈரம் போகப்போக எடை மட்டும் இறங்கிக்கொண்டே வரும். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எடை நின்றால் மூட்டை கட்டலாம். காபி வாரியம் தோட்டக்காரர்களுக்குச் சொல்லித்தரும் முறையும் இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சுவர் முழுக்கக் கரிக்கோடுகள். நான் எழுதிய எந்தப் புரோகிராமுக்கும் அப்படி ஒரு சுவர் இருந்ததில்லை.

ஒரு நாள் சுவரைப் பார்த்துவிட்டு, "அம்மா, நேத்தும் இன்னைக்கும் ஒரே எடை, கட்டிடலாம்ல?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ரெண்டு நாளும் மூடுபனி சாமி. காயவே இல்லையே, எடை எங்கிருந்து எறங்கும்? வெயில் அடிச்ச ரெண்டு நாள் நிக்கணும்."

இந்த ஒரு வார்த்தைக்கு விலை இல்லை. எங்கள் ஆட்கள் இதில்தான் தவறாமல் வழுக்கி விழுகிறார்கள். மென்பொருள் முடிந்ததா என்று பார்க்க எங்களிடமும் தராசு உண்டு. வாரத்துக்கு எத்தனை பிழை புதிதாக வருகிறது என்று எண்ணுவோம். முதல் வாரம் நாற்பது, அடுத்து இருபத்தைந்து, பிறகு பன்னிரண்டு, ஐந்து. இரண்டு வாரம் புதிதாக ஒன்றும் வரவில்லையென்றால் வாடிக்கையாளரிடம் சைன்-ஆஃப் வாங்கிக்கொண்டு கேக் வெட்டிவிடுவோம். அந்த இரண்டு வாரமும் தீபாவளி விடுமுறையாக இருந்திருக்கலாம். சோதிக்க வேண்டிய ஆள் பிரசவத்துக்குப் போயிருக்கலாம். யூஏடி, அதாவது வாடிக்கையாளர் பக்கச் சோதனைக்கு என்று ஒதுக்கிய நாலு பேர் புரோகிராமைத் திறந்தே பார்க்காமல் "ஓகே" என்று மெயில் போட்டிருக்கலாம். மூடுபனியில் எடை நின்றது மாதிரி. சோதனை என்பது பிழை இருப்பதைக் காட்டும், இல்லை என்பதைக் காட்டாது என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அந்தக் காலத்திலேயே எச்சரித்தார். அவர் கணிதவழி போய்ச் சேர்ந்த இடமும் களத்து அம்மா வெயில்வழி போய்ச் சேர்ந்த இடமும் ஒன்றுதான்.

சரி, பிழை நின்றுவிட்டது. வெயிலடித்த இரண்டு நாளும் ஆயிற்று. அப்போதாவது முடிந்ததா? இல்லை. ஏனென்றால் "ஒண்ணே ஒண்ணுங்க" இன்னும் நிற்கவில்லை. பிழை என்பது ஒரு கணக்கு, ஆசை என்பது வேறு கணக்கு. இந்த இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் எந்தக் காலத்திலும் கணக்கு முடியாது. இதைப் பிரித்து எழுதி, தன் மென்பொருளை முடித்தும் காட்டியவர் ஒருவர் இருக்கிறார்.

டொனால்ட் கனூத். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கணினி நிரலாக்கக் கலை பற்றிப் பல பாகங்களில் பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தார். 1977இல் இரண்டாம் பாகத்தின் மறுபதிப்புக்கு அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. ஈய எழுத்துப் போய் ஒளியச்சு வந்த காலம். பக்கத்தைப் பார்த்தவருக்குத் தாங்கவில்லை, எழுத்துகள் அவ்வளவு அசிங்கமாக இருந்தன. எழுதுவதை நிறுத்திவிட்டு, பக்கம் கோக்கும் மென்பொருளைத் தானே எழுத உட்கார்ந்தார். டெக் என்று பெயர். 1978இல் ஒரு வருட ஓய்வு விடுப்பில் முடித்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. உலகத்திலேயே அல்காரிதம் பற்றி அதிகம் தெரிந்த மனிதர் போட்ட கணக்கு! 1982இல் முழுதும் திருப்பி எழுதினார். அதையும் அதற்கான எழுத்துருக்களையும் விளக்கும் ஐந்து புத்தகங்கள் 1986இல் வந்தன. நாலு மாதத்தைப் பதினாலு மாதமாக்கிய எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

எனக்குப் பெரிதாகப் படுவது அவர் வைத்திருந்த நோட்டு. 1978லிருந்து டெக்கில் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் எழுதிவைத்து, 1989இல் அச்சிட்டு வெளியிட்டார். எண்ணூறுக்கு மேல் வரும். தன் தப்பையெல்லாம் வரிசை எண் போட்டு ஊருக்குக் காட்டும் பேராசிரியரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போட்டிருப்பார். மொத்தம் பதினைந்து வகை. அதில் ஒன்பது வகை பிழை: வழிமுறையே தப்பு, அசட்டுத்தனம், மறந்துபோனது, எழுத்துப் பிழை, எதிர்பாராதது என்று. மிச்சம் ஆறு வகை பிழையே கிடையாது: வேகம் கூட்டியது, சுத்தப்படுத்தியது, இன்னும் நேர்த்தியாக்கியது, பிறருக்கு வசதி செய்தது என்று. நான் சொன்ன இரண்டு நோட்டு அதுதான். ரைட்டரின் கம்பளிக் கணக்கு எந்த எழுத்தின்கீழ் வரும் என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தால் சேலம் பஸ்ஸை மூன்று தரமாவது குறைவாகப் பிடித்திருப்பேன்.

1989இல் ஐரோப்பிய நாட்டுக்காரர்கள் கனூத்திடம் வந்து, எங்கள் மொழிகளின் எழுத்துக்கு உங்கள் டெக்கில் இடம் போதவில்லை என்றார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் 7 பிட் ஒதுக்கியிருந்தார், ஆங்கிலத்துக்கு அது தாராளம். அவர்கள் கேட்டது நியாயம் என்று ஒத்துக்கொண்டு 8 பிட்டாக மாற்றி 3.0 பதிப்பைக் கொடுத்தார். அதோடு 1990இல் அறிவித்துவிட்டார்: இனி டெக்கில் புதிதாக எதுவும் சேராது. பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன். திருத்திய ஒவ்வொரு பதிப்புக்கும் எண்ணில் ஓர் இலக்கம் கூடும், அது வட்டத்தின் பை எண்ணை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். 3.1, 3.14, 3.141 என்று. 2014இல் 3.14159265. 2021இல் 3.141592653. அவர் காலத்துக்குப் பிறகு பதிப்பு எண் பை என்றே ஆகிவிடும். அதற்கப்புறம் கண்டுபிடிக்கிற பிழை எதுவும் பிழை கிடையாது, அது டெக்கின் குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முடிவிலி இலக்கம் உள்ள எண்ணை வைத்து முடிவைக் காட்டுவது ஒரு கணிதக்காரரின் குறும்பு. அதற்குள் இருப்பது கறாரான தீர்ப்பு: ஆசை நோட்டை மூடியாயிற்று, பிழை நோட்டு திறந்தே இருக்கும்.

திறந்திருப்பதற்கு அடையாளமாகப் பரிசும் வைத்தார். டெக்கில் பிழை கண்டுபிடித்தவருக்கு முதலில் 2 டாலர் 56 சென்ட். 256 என்பது கணினிக்காரர்களுக்குச் செல்லமான எண். அந்தத் தொகையை வருடா வருடம் இரட்டிப்பாக்கி 327 டாலர் 68 சென்ட்டில் நிறுத்தினார். பிழை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று நம்புகிறவர்தான் இப்படிப் பந்தயம் கட்ட முடியும். "எங்கள் மென்பொருள் முடிந்துவிட்டது" என்று பிரசுரம் அடிக்கும் கம்பெனிகளிடம், பிழைக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சேராது என்று சொன்னாரே, அப்புறம் தமிழ் மாதிரி மொழிகள் என்ன செய்வது? கேட்கத்தான் வேண்டும். டெக் மூடியிருந்ததால் அதன்மேல் நம்பிக்கையாக வேறு வீடு கட்ட முடிந்தது. ஜோனதன் க்யூ என்பவர், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு புரியும்படி ஸீடெக் என்று ஒன்றைச் செய்தார். அதில் தமிழ் நன்றாகவே வருகிறது. அடித்தளம் அசையாமல் இருந்ததால்தான் மாடி எழும்பியது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததா என்று யாராவது நினைப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நம் இலக்கணக்காரர்கள் இந்தச் சிக்கலை என்றைக்கோ பார்த்துவிட்டார்கள். தொல்காப்பியத்தில் ஓர் அதிகாரம் முடியும் இடத்தைப் பாருங்கள், நன்னூலில் பாருங்கள், புறனடை என்று ஒரு சூத்திரம் வரும். இங்கே சொன்னவற்றுக்குள் அடங்காத சொல் எங்காவது வந்தால், சொன்ன நெறியை ஒட்டி அமைத்துக்கொள்க என்பது அதன் சாரம். மொழி முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அதற்காக நூலை முடிக்காமல் இழுத்துக்கொண்டிருக்கவில்லை. விட்டுப்போனதை என்ன செய்யவேண்டும் என்று எழுதிவிட்டு ஓலையைக் கட்டிவிட்டார்கள். நான் இப்போது எந்தப் புரொஜெக்ட் எடுத்தாலும் முதலில் எழுதுவது புறனடைதான். இன்னின்னதை இந்த மென்பொருள் செய்யாது, அந்த வேலை வந்தால் இந்த வழியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பக்கம். செய்வதை எழுதிய பத்துப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. செய்யாததை எழுதிய அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கூட்டம் போட்டுச் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும். நாலாவது மாதத்தில் போட வேண்டிய சண்டையை முதல் வாரத்திலேயே போட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

புறனடை தெரிந்த மொழியில்தான் தமிழ் லெக்சிகனும் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி. 1913இல் வேலை தொடங்கியது. முதல் பகுதி 1924இல் வெளிவந்தது, ஆறாம் தொகுதி 1936இல். பிற்பகுதிக்கு எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர். லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். போட்ட பட்ஜெட்டைப் போல நாலு மடங்கு செலவு என்பார்கள். அகராதி வேலையில் "ஒண்ணே ஒண்ணு" கேட்க ரைட்டர் வேண்டியதில்லை, மொழியே தினமும் ஒரு சொல்லை நீட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சொல்லும் வரட்டும், அந்த ஏட்டையும் பார்த்துவிடுவோம் என்று காத்திருந்தால் அகரத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அவர்கள் பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியே விட்டார்கள். விட்டுப்போனதைத் தனியே சேர்த்துவைத்து 1939இல் அனுபந்தமாகக் கொடுத்தார்கள். நாங்கள் இன்று ரிலீஸ் என்றும் பேட்ச் என்றும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வது இதைத்தான். அனுபந்தம் வந்ததனால் 1936இல் லெக்சிகன் முடியவில்லை என்று யாராவது சொல்வார்களா?

முடிவதும் செத்துப்போவதும் ஒன்று இல்லை. இரண்டுக்கும் உதாரணம் நம்மிடம் ஒரே கூட்டத்திலிருந்து கிடைக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அன்றைக்கு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஒரு கணினியில் அடித்த தமிழ் இன்னொன்றில் பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலம். அந்த மாநாட்டை ஒட்டி இரண்டு தரம் வந்தன. ஒன்று தமிழ்99 விசைப்பலகை, உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலக்கைக்கு. இன்னொன்று டாம், டாப் என்ற எழுத்துக் குறியாக்கங்கள். விசைப்பலகை அன்றைக்கே முடிந்துவிட்டது. கால் நூற்றாண்டு ஆகிறது, ஒரு விசை இடம் மாறவில்லை, விண்டோஸிலும் கைபேசியிலும் அப்படியே வருகிறது. குறியாக்கங்கள் யூனிகோடு முன்னால் நிற்கவில்லை. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக ஏற்றபோது அவை போய்விட்டன. அதில் அடித்துவைத்த கோப்புகளைத் திறக்க இன்றும் மாற்றி தேடி அலைகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். கை தூக்க வேண்டாம். இரண்டையும் செய்தவர்கள் ஒரே அக்கறையுள்ள ஆட்கள். விரலும் தமிழ் எழுத்தும் மாறுவதில்லை, அதனால் ஒன்று நிலைத்தது. வெளியே உலகத்துக் கணினிகள் மாறின, இன்னொன்று அடித்துக்கொண்டு போனது.

ஆகவே முடித்துவிட்டேன் என்பவர் கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெளியில் எது மாறாமல் இருக்கும் என்று நம்பி முடித்தேன்? 1996 ஜூன் 4ஆம் தேதி பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதல் தடவையாக மேலே போனது. வழிகாட்டும் கருவியின் மென்பொருள் பழைய ஏரியன் 4இலிருந்து எடுத்தது. பறந்து பறந்து நிரூபித்த, முடிந்த மென்பொருள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். ஓர் எண் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. 37ஆவது விநாடிவாக்கில் கருவி கையை விரித்தது, ராக்கெட் திசைமாறி வெடித்தது. கொடுமை என்னவென்றால், அந்தக் கணக்குக்குப் புறப்பட்ட பிறகு ஏரியன் 5இல் வேலையே கிடையாது. பழைய ராக்கெட்டுக்கு வேண்டியிருந்தது என்று ஓடிக்கொண்டிருந்தது.

என் செக்ரோலுக்கும் ஒரு சின்ன ஏரியன் வந்தது. வருடத்தை இரண்டு இலக்கத்தில் வைத்திருந்தேன். 1999 நவம்பரில் எஸ்டேட்டிலிருந்து போன். ஜனவரி முன்பணத்தை எழுதினால் நூறு வருடப் பாக்கி என்று வருகிறதாம். ரைட்டர் குரலில் கவலையைவிட வேடிக்கைதான் அதிகம். "தம்பி, வெள்ளைக்காரன் காலத்துக் கடனையெல்லாம் எங்க தலையில கட்டுறீங்களே!" ஃப்ளாப்பியில் திருத்தி அனுப்பினேன். இளைஞர்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் ஒன்று காத்திருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருக்கும் பழைய நிரல்களில் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு எண் தீர்ந்துபோகும். நாள் நட்சத்திரத்தோடு தெரிந்த முடிவு எங்கள் தொழிலில் இது ஒன்றுதான்.

எஸ்டேட்காரர்களிடம் கற்றுக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. பறிப்பில் முதலில் ஃப்ளை பிக்கிங், முன்னால் பழுத்தது மட்டும். அப்புறம் மெயின் பிக்கிங், இரண்டு மூன்று சுற்று. கடைசியில் ஸ்ட்ரிப்பிங், பச்சையோ பழுத்ததோ செடியில் ஒன்று விடாமல் உருவிவிடுவது. அத்தோடு விடாமல் கீழே விழுந்து கிடப்பதையும் பொறுக்குகிறார்கள். அந்தக் காய்க்கு என்ன விலை கிடைக்கும்? ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது, கூலிக்கே காணாது. ஆனால் விட்டுவைத்த காயில் காய்த்துளைப்பான் வண்டு குடியிருந்து அடுத்த வருட மகசூலுக்கு வந்துவிடும். மென்பொருளிலும் கடைசிச் சுற்று இப்படித்தான். பாதி எழுதி விட்ட வசதி, யாரும் அழைக்காத நிரல், வேலை செய்யாத பொத்தான் எல்லாவற்றையும் உருவி எடுத்த பிறகுதான் முடிந்தது என்ற பேச்சு. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்குப் பட்ஜெட் கேட்டால் தருகிறார்கள். உருவுவதற்கு ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள், "அதுல என்ன லாபம்?" என்பார்கள். மேலாளர்கள் ஒரு சீசன் காபித் தோட்டத்தில் இருந்துவிட்டு வந்தால் நல்லது.

யார் சொல்வது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. என் அனுபவத்தில், எழுதியவன் சொல்லக் கூடாது, பணம் கொடுத்தவரும் தனியாகச் சொல்லக் கூடாது. எழுதியவனுக்கு அது ஒருநாளும் முடியாது, அல்லது முதல் நாளே முடிந்துவிடும். பணம் கொடுத்தவருக்கு "ஒண்ணே ஒண்ணு" பாக்கியிருக்கும். தினமும் அதை வைத்துப் புழங்குகிறவர் கையில் தராசைக் கொடுங்கள். ஆனால் எத்தனை நாள் எடை நிற்க வேண்டும், எது வெயில் நாள், எது மூடுபனி நாள் என்பதை வேலை தொடங்கும்போதே மூன்று பேரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். களத்து அம்மா எடை நின்றபிறகு தராசை மாற்றியதில்லை.

இன்று காலை, கூட்டத்துக்கு முன்னால், அந்த எஸ்டேட் ஆபீஸை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். களத்தில் வேறு ஆள். தராசு எலக்ட்ரானிக். பழைய ரைட்டர் காலமாகி வருடம் பல ஆகிறதாம். இப்போது இருப்பவர் முப்பது வயதுக்காரர், நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கணினி புதிது. திரையில் நீல நிறத்தில் என் செக்ரோல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பையன், பழைய புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போட்டுப் பழையதை அப்படியே எடுத்துவைத்திருக்கிறான். சனிக்கிழமை சம்பளம் இன்னும் அதில்தான். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, ஒத்துக்கொள்கிறேன். அப்போதுதான் மானிட்டருக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். நல்ல பெரிய எழுத்தில் அச்சடித்து லேமினேட் செய்திருந்தார்கள்: 7 அழுத்த வேண்டாம்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவரே விளக்கினார். "அது மிளகுங்க சார். அழுத்தினா எல்லாம் அப்படியே நின்னுடும். எழுதினவரு பாதியில விட்டுட்டு ஓடிட்டாருங்களாம்."